ஜட்ஜ் வெண்டல் பிடித்த முன் கைப்பிடி

மறுபடியும் தேர்தலில் நிற்கிற உயில் கோர்ட் ஜட்ஜ் என்று ஒரு பிறவி உண்டு. எங்கள் அலபாமாவில் மாவட்டத்துக்கு ஒன்று வைத்திருக்கிறோம். ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டுப் போட்டு நாற்காலியில் உட்கார வைக்கிறோம், அதுவும் உட்கார்ந்தே இருக்கிறது.

கொலைகாரனுக்குத் தண்டனை கொடுக்கிற ஜட்ஜ் என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள். இது வேறு. செத்தவரின் உயிலைப் பிரித்துப் படிப்பது, கல்யாணத்தைப் பதிவு செய்வது, காருக்கு நம்பர் தகடு கொடுப்பது, புத்தி தடுமாறிய பெரியவருக்கு யார் பொறுப்பு என்று சொல்வது, செத்தவரை எங்கே புதைப்பது என்று சொந்தக்காரர்கள் அடித்துக்கொண்டால் தீர்த்து வைப்பது, இவ்வளவும் இவர் வேலை. சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் எங்கள் ஊரில் கிடையாது. எங்கள் ஜட்ஜ் வெண்டல் ரே ஸ்டாலிங்ஸ் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் நாற்காலி விற்றுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை எதிர்த்து நின்ற பெண் சட்டம் படித்தவள். அதுதான் அவள்மேல் ஊர் சொன்ன குற்றச்சாட்டே.

இதையெல்லாம் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். நான் ஜெனீவா. அந்தக் கோர்ட்டில் முன்பக்கக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து மனு வாங்கி முத்திரை குத்துகிறவள். மூன்று ஜட்ஜுகளைப் பார்த்துவிட்டேன். முகம்தான் மாறியது.

இந்தப் பிறவி முதல் ஐந்து வருஷம் கண்ணில் படாது. மீன் பிடிக்கப் போயிருக்கும், இல்லாவிட்டால் மாநாட்டுக்குப் போயிருக்கும். ஆறாவது வருஷம் வசந்தம் வந்து மரமெல்லாம் பூத்ததோ இல்லையோ, வீட்டு வாசல் புல்தரையிலெல்லாம் இவர் பெயர் எழுதின அட்டைகளும் முளைத்துவிடும். அப்புறம் பாருங்கள். சர்ச் சபை விருந்தா, அங்கே நிற்பார். பள்ளிக்கூடப் பந்தாட்டமா, இரண்டு அணியின் தொப்பியும் காரில் இருக்கும், எந்தப் பக்கம் உட்காருகிறாரோ அந்தத் தொப்பி. தீயணைப்புக்காரர்கள் மீன் வறுத்து விற்கிற சனிக்கிழமையா, முதல் தட்டு இவருக்கு. கை கொடுத்துவிட்டு, அந்தக் கையிலேயே நகம் ராவுகிற அட்டை ஒன்றைத் திணிப்பார். எங்கள் பக்கத்தில் ஓட்டுக் கேட்பவர்கள் வழிவழியாகக் கொடுக்கிற பரிசு அது. ஒரு பக்கம் சொரசொரப்பு, இன்னொரு பக்கம் 'வெண்டல் ரே ஸ்டாலிங்ஸ், உங்கள் ஜட்ஜ், உங்களில் ஒருவர்'. ஒவ்வொரு வீட்டிலும் இருபது முப்பது கிடக்கிறது. ஊரில் ஒருத்தருக்கும் நகம் உடைந்து நான் பார்த்ததில்லை.

காலையில் எழுந்ததும் பேப்பரில் ஊர்க்காரர்கள் ஆட்ட முடிவைப் பார்ப்பார்கள். இவர் மரண அறிவிப்பைப் பார்ப்பார். சிவப்புப் பென்சிலோடு. 'இறைவனடி சேர்ந்தார்' என்ற வரியைத் தாண்டி நேராக 'விட்டுச் சென்றவர்கள்' என்ற இடத்துக்குப் போய்விடுவார். மூன்று மகன்கள், இரண்டு மகள்கள், பேரப்பிள்ளைகள் பதினொன்று, அதில் பதினெட்டு வயதானது எத்தனை, எந்தச் சபை, எத்தனை மணிக்கு? செத்தவர் பெயரை மட்டும் கோர்ட்டிலிருந்து கிளம்பிக் காரில் ஏறப் போகும்போதுதான் என்னிடம் கேட்பார்.

துக்க வீட்டில் இவரைப் பார்க்க வேண்டும் நீங்கள். வாசலிலேயே தொப்பி கழன்றுவிடும். விதவையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குரலைப் பாதாளத்துக்கு இறக்கி, "தங்கமான மனுஷன், எனக்கு எவ்வளவு வேண்டப்பட்டவர் தெரியுமா" என்பார். அடுத்து சாப்பாட்டு மேஜை. எங்கள் ஊரில் சபை இரண்டு; மெதடிஸ்ட் சபைப் பெண்கள் கொண்டுவந்த உருளைக்கிழங்கு சாலட்டில் ஒரு கரண்டி, பாப்டிஸ்ட் பெண்கள் கொண்டுவந்ததில் அளந்து அதே ஒரு கரண்டி. எது நன்றாயிருக்கிறது என்று யாராவது வம்புக்குக் கேட்டால், "ரெண்டும் ரெண்டு விதமா அருமை" என்பார். கடைசியில் சவப்பெட்டி. தூக்க ஆள் குறைகிறதா? குறையாவிட்டாலும் இவர் வந்துவிடுவார். வலது பக்கம் முன் கைப்பிடி. பத்திரிகைக்காரன் படம் எடுக்க நிற்கிற பக்கம் அது. பன்னிரண்டு வருஷத்தில் இவர் பின் கைப்பிடி பிடித்து யாரும் பார்த்ததில்லை.

எல்லாம் செய்வார். ஒன்றைத் தவிர. தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

தீர்ப்பு என்றால் ஒருத்தர் தோற்க வேண்டுமே! தோற்றவருக்கு மச்சினன் இருப்பான், மச்சினனுக்குச் சபை இருக்கும், சபைக்கு ஓட்டு இருக்கும். போன தடவை இவர் ஜெயித்தது அறுபத்துமூன்று ஓட்டு வித்தியாசத்தில். அதனால் மனுவோடு வருகிற எல்லோருக்கும் மூன்றே வாக்கியங்கள் வைத்திருக்கிறார். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு." "உங்க விஷயம் என் மனசுலயேதான் இருக்கு." "ஜெபத்துல வச்சிருக்கேன்." சொல்லிவிட்டுத் தலையை ஆட்டுவார். அந்த ஆட்டத்தைப் பார்த்தால் உங்கள் பக்கம்தான் தீர்ப்பு என்று சத்தியம் செய்வீர்கள். வெளியே போகும்போது எதிரி உள்ளே வருவான். அவனுக்கும் அதே ஆட்டம். தேதி கேட்டால் என்னைக் காட்டுவார். நான் நாள்காட்டியைப் புரட்டி, வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் புதன்கிழமையைக் கொடுப்பேன். இந்த வருஷம் அந்த ஒரு புதன்கிழமைக்கு மட்டும் நாற்பத்தொரு விசாரணை போட்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஆர்லிஸ் ஹக்கபி செத்துப்போனார்.

ஆர்லிஸ் முப்பத்தெட்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். மாவட்டத்தில் பாதிப் பேரை அவர்தான் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டார். வாக்குப்பதிவுக்குச் சரியாக இருபத்தாறு நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை, தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனைவி நோவலீன் பாப்டிஸ்ட். இரண்டாம் தாரம், ஆனால் பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தவள். பாப்டிஸ்ட் சபைக்குப் பின்னாலுள்ள கல்லறைத் தோட்டத்தில் இரண்டு பேருக்கும் இடம் வாங்கி, கல்லில் பெயரையும் சேர்த்து வெட்டி வைத்திருந்தார்கள். ஆர்லிஸின் அண்ணன் ட்ராய் ஹக்கபி மெதடிஸ்ட். தம்பி தன்னை மெதடிஸ்ட் கல்லறையில் தாயின் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று பழைய கடிதம் ஒன்றில் எழுதியிருப்பதாகக் கொண்டுவந்து நீட்டினார். முப்பது வருஷத்துக்கு முந்தைய கடிதம். ட்ராய் பொய் சொல்கிறவர் இல்லை. இரண்டு பேரும் கோர்ட்டுக்கு வந்தார்கள்.

சட்டத்தில் இதற்குச் சிக்கலே இல்லை. முறைப்படி சத்தியம் செய்து கையெழுத்திட்ட காகிதம் இல்லாவிட்டால், முடிவு மனைவியுடையது. என் மேஜை இழுப்பறையில் அந்தப் பக்கத்தின் நகல் இருந்தது. படிக்கக் கால் நிமிஷம் ஆகும்.

ஜட்ஜ் வெண்டல் அதைக் கால் நிமிஷம் படித்தார். அப்புறம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். தெருவின் ஒரு முனையில் பாப்டிஸ்ட் கோபுரம், மறுமுனையில் மெதடிஸ்ட் கோபுரம்.

"ஜெனீவா, அந்தப் புதன்கிழமையில இடம் இருக்கா?"

"அது நாலு வாரம் ஆகுமே ஜட்ஜ். ஆளு லம்கின் வீட்டுக் குளிர்ப்பெட்டியில இருக்காரு."

"லம்கின் நல்லாப் பாத்துக்குவாரு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு பாரு."

லம்கின்தான் எங்கள் ஊரில் அடக்கக் காரியங்கள் செய்கிறவர். கோர்ட் உத்தரவு இல்லாமல் பெட்டியைக் குழியில் இறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நாளைக்கு யார் வழக்குப் போடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

நோவலீன் ஒருநாள் விட்டு ஒருநாள் என் ஜன்னலுக்கு வந்தாள். பேருந்து ஓட்டும்போது ஆர்லிஸ் போட்டுக்கொள்கிற பழுப்புச் சட்டையைத் துவைத்து, பெட்டி போட்டு, ஒரு பையில் கையோடு கொண்டு வருவாள். இன்றைக்கு உத்தரவு கிடைத்தால் இன்றைக்கே போட்டுவிடலாம் என்று. மூன்றாவது வாரம் அந்தப் பை கசங்கியிருந்தது, சட்டை கசங்கவில்லை.

"அவருக்குக் குளிரே ஆகாது ஜெனீவா," என்றாள் ஒருநாள். "ஜூன் மாசத்துலகூடக் காலுறை போட்டுத்தான் படுப்பாரு. அந்த மனுஷனைப் போயி அங்க வச்சிருக்காங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஜட்ஜ் பாத்துக்குவாரு, நோவலீன்" என்றேன். சொல்லிவிட்டு நகம் ராவினேன்.

அந்தச் சமயம் பார்த்து ஜட்ஜே உள்ளறையிலிருந்து வந்தார். அவள் கையை இரண்டு கையாலும் பிடித்தார். தலையை ஆட்டினார். "உங்க விஷயம் என் மனசுலயேதான் இருக்கு" என்றார். அவள் கையில் ஒரு நகம் ராவும் அட்டையை வைத்துவிட்டுப் போனார். விதவையின் கையில்! நானாக இருந்தால் அதை எங்கே செருகியிருப்பேன் என்று இங்கே எழுத முடியாது.

நோவலீன் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த ஆளு யாருக்காவது இல்லேன்னு சொல்லி நீ பாத்திருக்கியா, ஜெனீவா?"

"பன்னெண்டு வருஷத்துல ஒருதரம்கூட இல்ல."

"சரின்னு சொல்லி?"

"அதுவும் இல்ல."

"பெட்டி தூக்கக் கூப்பிட்டா?"

"கூப்பிடவே வேணாமே. முதல் ஆளா வந்து நிப்பாரு."

அவள் அட்டையைப் பைக்குள், சட்டைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த நாள் பேப்பரில் அறிவிப்பு வந்தது. வாக்குப்பதிவுக்கு முந்தைய சனிக்கிழமை காலை பத்து மணிக்கு பாப்டிஸ்ட் சபையில் ஆர்லிஸ் ஹக்கபிக்குப் பிரியாவிடைக் கூட்டம், உடல் பார்வைக்கு வைக்கப்படும், அடக்கம் பின்னர். உடலைப் பார்வைக்கு வைக்க உத்தரவு எதுவும் வேண்டாம். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுபோய்க் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட வேண்டியதுதானே?

ஜட்ஜ் சிவப்புப் பென்சிலால் மூன்று வட்டம் போட்டார்.

சனிக்கிழமை நானூறு பேர் வந்திருந்தார்கள். சின்ன வயதில் ஆர்லிஸ் பேருந்தில் ஏறியவர்கள் எல்லாரும். ட்ராயும் வந்தார், தம்பி முகத்தைப் பார்க்க, மெதடிஸ்ட் கூட்டத்தோடு. இருபத்துமூன்று நாள் கழித்துப் பழுப்புச் சட்டை ஆர்லிஸின் உடம்புக்குப் போயிருந்தது. பாடினார்கள், அழுதார்கள். ஜட்ஜ் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெட்டியை மூடியதும் நோவலீன் எழுந்தாள்.

"லம்கின் வண்டி பின்பக்கம் நிக்குது. ஆறு பேரு வேணும். ஜட்ஜ், நீங்க முன்னாடி பிடிக்கிறீங்களா?"

கேட்க வேண்டுமா! அவள் வாயை மூடுவதற்குள் வலது முன் கைப்பிடியில் கை இருந்தது.

பின்கதவு திறந்தது. பத்திரிகைக்காரன் பின்னோக்கி நடந்துகொண்டே படமாக எடுத்தான். ஜட்ஜ் துக்கமும் கம்பீரமும் கலந்த அந்த முகத்தை வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, படக்கருவியையே பார்த்து நடந்தார். மற்ற ஐந்து பேரும் அவர் போன பக்கமே நடந்தார்கள். புல் வழியாக முப்பது அடி, நாற்பது அடி. லம்கினின் வண்டி தூரத்தில், வேலிக்கு அப்பால் நின்றது. வண்டிக்கும் இவர்களுக்கும் நடுவே பச்சைக் கூடாரம் ஒன்று. கூடாரத்துக்குக் கீழே பாய் விரித்து, நாற்காலி போட்டு, பெட்டியைத் தாங்குகிற பட்டைகள் கட்டி, காலையில்தான் வெட்டிய குழி. அதன் தலைமாட்டில் போதகர் வேதாகமத்தை விரித்து வைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

ஜட்ஜ் நின்றார். பேருந்து ஓட்டுநர்கள் கனமானவர்கள். இவருக்கு வயது அறுபத்துமூன்று.

"கை வலிக்கும் ஜட்ஜ்," என்றாள் நோவலீன், பக்கத்திலேயே வந்தவள். "அந்தப் பட்டை மேல கொஞ்சம் இறக்கி வச்சுக்கோங்க."

வேறு எங்கே வைப்பார்? புல்லிலா, நானூறு ஓட்டுக்கு முன்னால்? வைத்தார். வைத்த அடுத்த விநாடி போதகர் "ஜெபிப்போம்" என்றார். நானூறு தலை குனிந்தது. ஜெபத்தின் நடுவில் ஆட்சேபம் தெரிவித்த வேட்பாளர் எங்கள் மாநிலத்தில் இன்னும் பிறக்கவில்லை. இவரும் தலையைக் குனிந்தார். ஆமென் என்று எல்லாரையும்விட உரக்கச் சொன்னதும் இவர்தான், பழக்கதோஷம்.

அப்போதுதான் ட்ராய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பெரிய உருவம். கையில் தொப்பி.

"ஜட்ஜ்! அப்ப முடிவு பண்ணிட்டீங்களா?"

பத்திரிகைக்காரன்கூடக் கருவியைக் கீழே இறக்கிவிட்டான். ஜட்ஜ் ட்ராயைப் பார்த்தார், நோவலீனைப் பார்த்தார், மெதடிஸ்டுகளைப் பார்த்தார், பாப்டிஸ்டுகளைப் பார்த்தார். தலை தானாக ஆட ஆரம்பித்தது.

"இதுல ரெண்டு பக்கமும்..."

"நீங்க யோசிச்சுக்கிட்டே இருங்க ஜட்ஜ்," என்றாள் நோவலீன். "அவரு இறங்கட்டும்."

லம்கினைத் திரும்பிப் பார்த்தாள். லம்கின் ஜட்ஜைப் பார்த்தார். ஜட்ஜ் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லத் தெரியாது, பாவம். "கோர்ட்டே முன் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கு, இதுக்கு மேல எனக்கு என்ன காகிதம் வேணும்," என்று சொல்லிவிட்டு லம்கின் விசையை மிதித்தார். ஆர்லிஸ் மெல்ல இறங்கினார். முதல் பிடி மண்ணை ஜட்ஜ் போட்டார். போடச் சொன்னார்கள், போட்டார்.

ட்ராய் கலாட்டா பண்ணுவார் என்று எல்லாரும் பயந்தோம். பண்ணவில்லை. இரண்டாம் பிடி மண்ணை அவர் போட்டார். போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்கம்மா பக்கத்துல நானே குழி வெட்டி வச்சேன் ஜெனீவா. மூணு மழையில நிரம்பிப்போச்சு. மூணு தரமும் இறைச்சேன். ஒவ்வொரு தரம் கேட்டப்பவும் அந்த ஆளு தலையை ஆட்டினாரு. சட்டம் அவ பக்கம்தான்னு மொத நாளே ஒருத்தரு சொல்லியிருந்தா நான் வீட்டுக்குப் போயிருப்பேன். நோவலீனுக்கு நான் என்ன எதிரியா? இருபத்துமூணு நாளு எங்க தம்பியை ஐஸ்ல போட்டு வச்சிருக்கோம். ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லையே."

நான் தலையை ஆட்டினேன்.

ஜட்ஜ் தோற்றுப்போனார் என்று கேட்கத்தானே காத்திருக்கிறீர்கள்? நூற்றுப்பதினெட்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் முதல் பக்கத்தில் அந்தப் படம் வந்திருந்தது. துக்கம், கம்பீரம், கைப்பிடி. தைரியமாக முடிவெடுத்தார் என்று பாப்டிஸ்டுகள் ஓட்டுப் போட்டார்கள். எதுவும் முடிவெடுக்கவில்லை என்று மெதடிஸ்டுகளிடம் இவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொன்னதால் அவர்களிலும் பாதிப் பேர் போட்டார்கள். சட்டம் படித்த பெண் அதே ஞாயிற்றுக்கிழமை இரண்டு சபையாரிடமும் சட்டம் இதுதான் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு வேண்டியதுதான்.

புதன்கிழமை வந்தது. நாற்பத்தொரு விசாரணை. ஆர்லிஸ் ஹக்கபி மனு எழுபது நிமிஷம் எடுக்கும் என்று எழுதி வைத்திருந்தேன். ஜட்ஜ் வெண்டல் ஒரே நிமிஷத்தில் முடித்தார். 'உடல் ஏற்கெனவே அடக்கம் செய்யப்பட்டுவிட்டதால் மனுவில் தீர்மானிக்க எதுவும் இல்லை.' கையெழுத்து. முத்திரை குத்த என்னிடம் தந்தார்.

"பாத்தியா ஜெனீவா? அவசரப்படாம விட்டா எல்லாம் தானா சரியாயிடும்."

குத்தினேன். அடுத்த தேர்தலுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது, மிச்சமான நகம் ராவும் அட்டைகளை ஒரு பெட்டி நிறைய என் மேஜைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

சரி, சிரித்தீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நானும் அந்தச் சனிக்கிழமை வரைக்கும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். சட்டப் பக்கம் யார் இழுப்பறையில் இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? ட்ராய் என் ஜன்னலுக்கு எட்டுத் தடவை வந்தார். ஒரு தடவை அந்தக் காகிதத்தை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தால் போதும், வாயைக்கூடத் திறந்திருக்க வேண்டாம். எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். என் அக்கா மெதடிஸ்ட், மருமகள் பாப்டிஸ்ட். எனக்கு எதுக்கு ஊர் வம்பு என்று எட்டுத் தடவையும் தலையை ஆட்டினேன். நான் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை.

நீங்களும் நிற்கவில்லைதான், தெரியும். ஆனால் உங்கள் வீட்டில் அண்ணனும் தம்பியும் உங்களிடம்தானே வந்து நியாயம் கேட்கிறார்கள்? மருமகளுக்கு ஒரு தலையாட்டல், மகளுக்கு ஒரு தலையாட்டல் என்று வைத்திருக்கிறீர்களே, யார் சொல்வது சரி என்று உங்களுக்கு முதல் நாளே தெரியும் அல்லவா? கல்யாணம் முடியட்டும், பரீட்சை முடியட்டும், பண்டிகை போகட்டும் என்று நீங்களும் ஒரு புதன்கிழமையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நடுவில் யாரோ ஒருத்தர் குளிரில் கிடக்கிறார்.

இல்லை என்கிறீர்களா? எங்கே, உங்கள் நகத்தைக் கொஞ்சம் காட்டுங்கள் பார்ப்போம்.